தனி மாட்டுக்குக் கணக்கில்லை

சவப்பெட்டிக்கு முன்னால் சுண்ணம் இடிக்கத் தொடங்கியதும் மலர்ச்சாலை முகாமையாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். தரைவிரிப்பு புதிது, உரலுக்குக் கீழே ஏதாவது வைத்தால் நல்லது என்று பிரெஞ்சில் பணிவாகச் சொன்னார். வேட்டியும் வெறும் மேலுமாக இருந்த டிலக்ஷன் எழுந்து போய்த் தன் குளிர்கால ஜாக்கெட்டை எடுத்து வந்து, நாலாக மடித்து, சின்ன உரலுக்குக் கீழே வைத்தான். பிறகு உலக்கையைத் தூக்கி இடித்தான். சத்தம் வரவில்லை.

"பரவாயில்லைத் தம்பி, இடியும்," என்றார் ஐயர்.

அவனுடைய அக்கா சாருஜா பெட்டியின் கால்மாட்டில் நின்றாள். பெட்டிக்குள் அப்பா நகுலேஸ்வரன் கோட்டும் சூட்டுமாகக் கிடந்தார். மகளின் பட்டமளிப்புக்கு வாங்கி ஒரே ஒரு நாள் போட்ட கோட்டு அது. செவ்வாய்க்கிழமை காலை, இரவு வேலை முடித்து வந்தவர், அக்காடி மெற்றோ வாசலில் பஸ்ஸுக்கு நின்றபடியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. அம்புலன்ஸ் வரும்போதே எல்லாம் முடிந்திருந்தது. யாரோ ஒரு பெண் தன் கழுத்துச் சால்வையை மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்திருக்கிறாள். அவள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. சால்வை மட்டும் ஆஸ்பத்திரிப் பைக்குள் அவருடைய சப்பாத்தோடு வீட்டுக்கு வந்தது.

செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். என்ன நடந்தது? தெரியாமலா கேட்கிறார்கள், தெரிந்துதான் வந்திருப்பார்கள். ஆனாலும் கேட்காவிட்டால் மரியாதையில்லை. அம்மா செல்வமலர் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். முதல் நாள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். இன்றைக்கு அது பாடமாகிவிட்டிருந்தது. மூச்சு வாங்கும் இடம்கூட மாறாமல் சொன்னாள்.

அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை லோகநாயகி புரோசார்ட்டிலிருந்து வந்திருந்தாள். கேட்டு முடித்து, அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான் அப்பவே சொன்னனான் மலர். அந்தக் குளிரறை வேலை மனிசருக்குச் சரிவராது எண்டு. அண்ணையும் விடத்தான் நிண்டவர். நீதான் விடேல்லை."

ஒரு கை தடவ, வாய் குத்தியது. சிலருக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வரும். கெட்ட எண்ணம் என்றும் சொல்லிவிட முடியாது. அண்ணன் செத்த துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் கிட்ட இருந்தவளின் தலையில் இறக்கிவிட்டாள். அடுத்து வந்தவர் என்ன நடந்தது என்று கேட்டபோது அம்மா அந்தப் பாடத்தைத் தொடங்கவேயில்லை. அந்த மனிதர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டு, பூப்போடும் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

லோகநாயகி சொன்னது பொய்யில்லை. அதுதான் சங்கடம். அப்பா கனடா வந்த காலத்திலிருந்து சான் லோறோனில் ஒரு மீன் கம்பனியில் வேலை செய்தார். உறைந்த மீன்பெட்டிகளைக் குளிரறைக்குள் அடுக்குவதும் வெளியே இழுப்பதும்தான் வேலை. உள்ளே போனால் கண்ணிமை மயிரில் பனி பிடிக்கும், வெளியே வந்தால் வியர்க்கும். ரொறொன்ரோவில் கடை வைத்திருந்த சிநேகிதன் ஒருவன் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "பிள்ளையள் படிச்சு முடியட்டும்," என்று அம்மா தடுத்துவிட்டாள். டிலக்ஷன் சீக்கிரமாகவே முடித்து மின்சார வேலைக்குப் போய்விட்டான். சாருஜாதான் முடிக்கவில்லை. பட்டம், அதற்கு மேல் ஒரு பட்டம், பிறகு முனைவர் பட்டம் என்று அவளுடைய படிப்பு நீண்டுகொண்டே போனது. அப்பாவும் குளிரறைக்குள் போய்க்கொண்டே இருந்தார்.

இன்னொரு பக்கமும் இருந்தது. அப்பாவின் அப்பா இள வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். பெரியப்பா சைக்கிளில் போகும்போது விழுந்து, எழும்பவில்லை. அவர்கள் இருவரும் பனியைக் கண்ணாலும் கண்டதில்லை.

ஐயர் வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார். சாருஜா போட்டாள். அப்பாவின் உதட்டில் விழுந்த ஒரு அரிசி வழுகிக் கோட்டுக் கழுத்துக்குள் போய்விட்டது. அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றவளைப் பின்னால் நின்றவர் மெல்ல நகர்த்தினார்.

ஊரில் பெண்கள் வீட்டுப் படலை வாசலோடு நின்றுவிடுவார்களாம். இங்கே எரிக்கும் இடம்வரை எல்லோரும் போனார்கள். கொள்ளிக்குப் பதிலாகச் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான். டிலக்ஷன் அதை அழுத்திவிட்டு, அழுந்தியதா என்ற சந்தேகத்தில் இன்னொருமுறை அழுத்தினான். மின்சார வேலைக்காரன், அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பின்னால் யாரோ விம்மினார்கள். சாருஜாவுக்கு அழுகை வரவில்லை. வராததைப் பற்றி அவளுக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது காரில் அம்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். மார்ச் மாதம். தெருவோரப் பனி கறுத்துக் கிடந்தது. தங்கள் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனுக்குள் நுழைந்து, வீட்டுக்கு முன்னால் கார் நின்ற பிறகும் அம்மா இறங்கவில்லை. டிலக்ஷன் கதவைத் திறந்து கையைப் பிடித்துத்தான் இறக்கினான்.

சாருஜா இந்த வீட்டைவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. நகரம் கிடக்கும் தீவின் மேற்கு அந்தத்தில், அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் இருக்கிறாள். வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு விளக்க அவளுக்கு எப்போதும் கொஞ்சம் அலுப்பு. கியூபெக் முழுவதும் உள்ள பால்மாட்டுப் பண்ணைகளிலிருந்து தரவுகள் வரும். எந்தப் பசு எவ்வளவு பால் கறந்தது, அதன் தாய் யார், தகப்பன் காளை எது, கொட்டிலில் வெக்கை எவ்வளவு, தீனி என்ன. அதையெல்லாம் ஒரு கணித மாதிரிக்குள் போட்டு, பிறப்பால் வந்தது எது, இடத்தால் வந்தது எது, இரண்டும் சேர்ந்து பிணைந்ததால் வந்தது எது என்று பிரித்துப் பார்ப்பது அவள் வேலை. ஒரு காளையின் மகள்கள் நல்ல கொட்டிலில் எல்லோரையும் மிஞ்சிக் கறப்பார்கள். அதே காளையின் வேறு மகள்கள் வெக்கைக் கொட்டிலில் கடைசியில் நிற்பார்கள். இன்னொரு காளையின் மகள்கள் எங்கே கட்டினாலும் ஒரே அளவு. இதில் எது நல்ல காளை? கட்டும் இடத்தைச் சொல், காளையைச் சொல்கிறேன் என்பதுதான் அவளுடைய விடை.

அப்பா அதை நாலே சொல்லில் முடித்துவிட்டார். "மகள் மாட்டுக்குச் சாதகம் பாக்கிறாள்." கோயிலில் சொன்னார், முடிவெட்டும் கடையில் சொன்னார், மீன் கம்பனியில் பாதிப் பேருக்கு விளங்காத பாஷையில் சொன்னார். சாருஜா முதலில் திருத்தினாள். பிறகு அவருடைய முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்துவிட்டு, திருத்துவதை நிறுத்திவிட்டாள். மாட்டுச் சாத்திரி என்று டிலக்ஷன் பட்டமே வைத்திருந்தான்.

அப்பா செத்த செய்தியை அலுவலகத்தில் அவள் சொல்லவில்லை. வீட்டில் ஒரு அலுவல், சில நாள் வரமாட்டேன் என்று எழுதிப் போட்டாள். சொல்லியிருந்தால் பூ அனுப்பியிருப்பார்கள், நல்லவர்கள். ஆனால் அவர்களில் ஒருவர்கூட அப்பாவைக் கண்டதில்லை. தெரியாத மனிதனுக்கு வரும் பூவை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தோன்றியது. மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தும் இன்று அவளைத் தேடி வந்தவர் என்று ஒருவரும் இல்லை. வந்தவர்கள் அம்மாவுக்கும் டிலக்ஷனுக்கும் வந்தவர்கள். அவளைக் கண்டதும், "நீர் மூத்தவ என்ன?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

எல்லோரும் முழுகிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் கீழ்வீட்டு அஜந்தா மரக்கறிச் சமையலைச் சட்டி சட்டியாக மேலே கொண்டுவந்து குசினி மேசையில் அடுக்கியிருந்தாள். அம்மா முழுகப் போய் வெகுநேரமாகத் தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை. சாருஜா கதவைத் தட்டினாள்.

"பூட்டேல்லை. உள்ள வந்து சாத்து."

அம்மா ஈரத்தலையோடு தொட்டி விளிம்பில் இருந்தாள். வெள்ளைச் சேலையை மாற்றியிருந்தாள், ஆனால் துவாய் மடியிலேயே கிடந்தது. சாருஜா அதை எடுத்துத் தலையைத் துவட்டப் போனாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன்னட்ட ஒண்டு கேக்கோணும். மழுப்பாமல் சொல்லு."

"என்னம்மா?"

"நீ உதைத்தானே படிச்சனி. ரத்தத்தால வாறது எவ்வளவு, இருக்கிற இடத்தால வாறது எவ்வளவு எண்டு."

"அது மாட்டுக்கு அம்மா."

"மாடெண்டாலும் உசிர்தானே. கொப்பா செத்தது அவற்ற ரத்தத்தாலயோ, இல்லாட்டி நான் விடாமல் அனுப்பின அந்தக் குளிரறையாலயோ?"

கேட்டுவிட்டு அம்மா மகளின் முகத்தை நேராகப் பார்த்தாள். இந்த மூன்று நாளில் அம்மா யாரையாவது நேராகப் பார்த்தது இதுதான் முதல் தடவை.

போன வருடம் சான் யசந்தில் ஒரு கூட்டத்தில் ஒரு பண்ணைக்காரர் எழுந்து இதே மாதிரி ஒன்றைக் கேட்டார். தன்னுடைய பசு ஒன்று பால் குறைந்துவிட்டது, அது தாயின் வழியாலா, தன் கொட்டிலாலா? சாருஜா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். தனி ஒரு பசுவைக் காட்டி இதில் இத்தனை பங்கு பிறப்பு, இத்தனை பங்கு இடம் என்று கூறுபோட முடியாது, ஐயா. பல பசுக்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசத்தைத்தான் நாங்கள் பிரிக்கிறோம். ஒரு கொட்டிலில் ஒரே ஒரு மாட்டின் பதிவுதான் இருக்கிறதென்றால் அதைக் கணக்கிலேயே சேர்க்கமாட்டோம், தூக்கி எறிந்துவிடுவோம். கூட ஒருவர் இல்லாத மாட்டைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பண்ணைக்காரர், "அப்போ எதற்கு இவ்வளவு தூரம் வந்தாய் பெண்ணே?" என்று கேட்க, மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். உண்மையைச் சொல்வதில் அன்றைக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

அம்மாவுக்கும் அதையே சொல்லலாம். புட்டு வெந்தது மாவாலா, ஆவியாலா என்று கேட்கிற மாதிரி இருக்கிறது உங்கள் கேள்வி என்று சொன்னால் அம்மாவுக்கு விளங்கும். விளங்கித்தான் என்ன? தெரியாது என்றால், லோகநாயகி சொன்னதுதான் மிஞ்சும். அம்மா இனி இருக்கும் காலமெல்லாம் இரவு வேலைக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்த தன் கையையே பார்த்துக்கொண்டு இருப்பாள்.

அம்மாவை மட்டும் நினைத்துத்தான் அவள் பிறகு அந்தப் பதிலைச் சொன்னாள் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் குளிரறைக்குள்ளிருந்துதான் அவளுடைய படிப்பு வந்தது. இடம்தான் கொன்றதென்றால் கொன்றவர்கள் இரண்டு பேர். அதுவும் அந்தக் குளியலறைக்குள் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"ரத்தம்தான் அம்மா," என்றாள்.

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம். அப்பப்பாவும் அப்பிடி, பெரியப்பாவும் அப்பிடி. அப்பா ரொறொன்ரோ கடையில கதிரையில இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்."

"குளிரறை?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

அம்மா அவள் கையை விட்டாள். துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மண்டபத்தில் அழுத அழுகை வேறு, இது வேறு. இதில் ஆளைப் பறிகொடுத்தவளின் துக்கம் மட்டும்தான் இருந்தது, குற்றவாளியின் பயம் இல்லை. சாருஜாவும் அப்போதுதான் அழுதாள். தாயும் மகளும் அந்தச் சின்னக் குளியலறைக்குள் தொட்டி விளிம்பில் ஒட்டிக்கொண்டு இருந்து அழுதார்கள். சாருஜாவுக்கு மனம் லேசாகிவிட்டது. படித்த படிப்பு ஒருநாளாவது வீட்டுக்கு உதவியதே என்றுகூட நினைத்தாள்.

அம்மா முகம் கழுவினாள். "பசிக்குது பிள்ளை," என்றாள்.

ஹாலில் ஏழெட்டுப் பேர் சாப்பாட்டுக் கோப்பையும் கையுமாக இருந்தார்கள். அம்மா வந்து சோறு கேட்டதைக் கண்டு அஜந்தாவுக்குச் சந்தோசம். பருப்பும் கத்தரிக்காயும் வைத்து, அப்பளம் ஒன்றை நொறுக்கிப் போட்டுக் கொடுத்தாள். அம்மா நின்றபடியே இரண்டு வாய் அள்ளிச் சாப்பிட்டாள். லோகநாயகியைப் பார்த்து, "நீயும் சாப்பிடு மச்சாள்," என்றுகூடச் சொன்னாள். அந்தக் குரலில் பழைய அம்மா இருந்தாள். லோகநாயகிக்கு என்னவோ போலாகி, உடனே கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது வாய்க்கு அள்ளிய கை பாதியில் நின்றது.

டிலக்ஷன் சோபாவில் நித்திரையாகிவிட்டிருந்தான். மூன்று நாள் அலைச்சல். இரவு வேலை முடித்து வந்து அப்பா எப்படிப் படுப்பாரோ, அதே சோபாவில் அப்படியே படுத்திருந்தான். தலை ஒரு பக்கம் சரிந்து, வாய் கொஞ்சம் திறந்து, இடது கை வயிற்றில். மீசை மழித்த முகத்தில் அப்பாவின் தாடை அச்சாகத் தெரிந்தது.

"சாரு."

"என்னம்மா?"

"தம்பிக்கும் அதே ரத்தம்தானே."

சாருஜா அம்மாவைக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, இஞ்ச பாருங்கோ. நான் சொன்னது பிழை. தனி ஒரு ஆளை வச்சு அப்பிடிச் சொல்லவே ஏலாது. எங்கட கணக்கெல்லாம் கூட்டத்துக்குத்தான், ஒருத்தருக்கில்லை. இப்ப புட்டு அவிக்கிறீங்கள், அது மாவால வெந்ததோ ஆவியால வெந்ததோ? அப்பிடித்தான் இதுவும். அவனுக்கு வேற வேலை, வேற சாப்பாடு. இப்பவே டொக்டரிட்டக் காட்டிச் சோதிக்கலாம், மருந்து இருக்கு. அவனுக்கு இதுதான் வரும் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது."

அவள் இவ்வளவு காலம் படித்ததை இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அம்மா இடையில் குறுக்கிடாமல் கேட்டாள். கேட்டு முடித்து, எச்சில் படாத கையால் மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"என்னைத் தேத்திறதுக்குச் சொல்லுறாய். எனக்கு விளங்குது."

"இல்லையம்மா. முந்திச் சொன்னதுதான் தேத்தினது."

"நீ அங்க சொல்லேக்க அழுதனி பிள்ளை. பொய் சொல்லுறவள் அழமாட்டாள்."

லோகநாயகி கோப்பையைக் கழுவ வந்தவள், இருவரும் நின்ற நிலையைக் கண்டு வாசற்படியிலேயே தயங்கினாள்.

அம்மா ஹாலுக்குப் போனாள். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், தரையில் உரசாமல், சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன் அருகே இழுத்த இன்னொரு கதிரையில் சோற்றுக் கோப்பையை வைத்தாள். யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள், கையைக் காட்டி நிறுத்தினாள். ஒவ்வொருவராகச் சொல்லாமலே எழுந்து சப்பாத்தைத் தேடிக்கொண்டு போனார்கள். அஜந்தா சட்டிகளை மூடிவிட்டுக் கீழே இறங்கினாள்.

சாருஜா குசினி வாசலில் நின்றாள். அம்மா திரும்பிக் கூப்பிடுவாள் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். மகளுக்கும் அதே இரத்தம் ஓடுகிறது என்பது அம்மாவுக்கு நினைவில் வரவில்லை. வந்திருந்தாலும் இருக்க அங்கே வேறு கதிரை இல்லை.

அம்மா கதிரை விளிம்புக்கு நகர்ந்து, டிலக்ஷனின் நெஞ்சுக்கு நேரே உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தாள். தொடவில்லை. அவன் மூச்சை இழுத்தபோது சட்டை வந்து அந்தக் கையில் பட்டது. விட்டபோது விலகியது.